எந்த மடக்குக்கத்தி நீடித்து உழைக்கும்? நான்கு மூட்டமைப்புகள், ஓர் ஒப்பீடு

மடக்குக்கத்தி வாங்கப் போகிறவர்கள் இரண்டு மூன்று கத்திகளைக் கையில் வைத்துக்கொண்டு தடுமாறும்போது பெரும்பாலும் கேட்பது ஒரே கேள்விதான்: எந்த எஃகு நல்லது? அலகில் பொறித்திருக்கும் எஃகின் பெயர்தான் விற்பவரும் வாங்குபவரும் ஒருசேரப் படிக்கக்கூடிய ஒரே விவரம் என்பதால் கேள்வி நியாயமானதே. ஆனால் பல ஆண்டுகள் புழங்கி ஒதுக்கப்பட்ட மடக்குக்கத்திகளை எடுத்துப் பார்த்தால், எஃகின் குறையால் ஒதுக்கப்பட்டவை சொற்பமாகவும், அச்சு தளர்ந்து, பூட்டு தேய்ந்து, திருகின் மரை போய், கைப்பிடி பிளந்து கைவிடப்பட்டவை மிகுதியாகவும் இருப்பதைத்தான் நான் கண்டிருக்கிறேன். மழுங்கிய அலகைச் சாணைக்கல்லில் சிறிது நேரத்தில் மீட்டுவிடலாம். தேய்ந்த மூட்டை மீட்பது அத்தனை எளிதன்று.

ஆகவே இந்த ஒப்பீட்டை எஃகுவாரியாகச் செய்யாமல் மூட்டின் அமைப்புவாரியாகச் செய்கிறேன். பூட்டு எதுவுமின்றி முதுகுவில்லின் அழுத்தத்தால் மட்டும் நிற்கும் கத்தி, முதுகுப்பூட்டுக் கத்தி, லைனர் லாக், பிரேம் லாக் என்று வழங்கும் பக்கத்தகட்டுப் பூட்டுக் கத்தி, வளையப் பூட்டுக் கத்தி ஆகிய நான்கும் இங்கே எடைபோடப்படுகின்றன. எதைக் கொண்டு எடைபோடுகிறோம் என்பதை முதலில் தெளிவுபடுத்திவிட வேண்டும்.

## அளவுகோல்கள்

மூட்டின் இறுக்கம். கத்தியைத் திறந்து, ஒரு கையால் கைப்பிடியையும் மறு கையின் இரு விரல்களால் அலகின் முதுகையும் பிடித்து, முதலில் பக்கவாட்டிலும் பிறகு மேலும் கீழுமாகவும் அசைத்துப் பாருங்கள். இந்த இரண்டு ஆட்டங்களுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. பக்கவாட்டு ஆட்டம் பெரும்பாலும் அச்சின் இறுக்கத்தைப் பொறுத்தது. அச்சு திருகாக இருந்தால் கால் சுற்றுக்கும் குறைவாக முறுக்கினாலே அது அடங்கிவிடும். ரிவெட் அடித்ததாக இருந்தால், ரிவெட்டின் தலையைச் சிறு சுத்தியலால் அளவறிந்து தட்டி இறுக்கத் தெரிந்த கை வேண்டும். மேல்கீழ் ஆட்டமோ, பூட்டும் அலகின் அடிப்பகுதியும் (அச்சை ஒட்டிய, தீட்டப்படாத முனை) ஒன்றோடொன்று முட்டி நிற்கும் முகங்களிலிருந்து பிறப்பது. அந்த முகங்கள் சரியாகச் செதுக்கப்படவில்லை என்றாலோ தேய்ந்துபோனாலோ, எந்தத் திருகை முறுக்கியும் பயனில்லை. புதிய பூட்டுக் கத்தியிலேயே மேல்கீழ் ஆட்டம் தெளிவாகத் தெரிந்தால், அது எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நான் வாங்குவதில்லை.

அச்சைச் சுற்றி என்ன இருக்கிறது என்பதும் இதோடு சேர்ந்ததே. பாஸ்பர் வெண்கல வாஷர்கள் மெதுவாகவும் சீராகவும் தேய்ந்து, நாளாக நாளாக அலகின் ஓட்டத்தை இன்னும் மிருதுவாக்குகின்றன. நைலான் வாஷர்கள் அழுத்தத்தில் நசுங்குவதால், அவை உள்ள கத்தியில் ஆட்டம் சற்று முன்கூட்டியே தலைகாட்டும். பால் பேரிங் உள்ள கத்தி ஒரு சுண்டலில் திறந்துகொள்ளும், கடையில் மனத்தை மயக்கும். ஆனால் மணலும் தூசியும் புகுந்துவிட்டால் கரகரக்கத் தொடங்கும், கழற்றிக் கழுவினாலன்றி அந்தக் கரகரப்பு போகாது. புழுதியில் வேலை செய்பவர் பால் பேரிங்கைத் தவிர்ப்பது நலம்.

எஃகும் பதமும். எஃகின் பெயர் அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். அதை எந்தச் சூட்டில் காய்ச்சி, எப்படிக் குளிர்வித்து, எத்தனை டிகிரியில் மறுபடி பதப்படுத்தினார்கள் என்பதைச் சொல்லாது. ஒரே பெயருள்ள எஃகு ஒரு பட்டறையில் நெடுநாள் கூர் நிற்கும் அலகாகவும், இன்னொன்றில் ஒரே வாரத்தில் மடியும் அலகாகவும் வெளிவருவது இதனால்தான். கடினத்தன்மையை ராக்வெல் சி என்னும் அளவில் குறிப்பார்கள்; மடக்குக்கத்தி அலகுகள் பெரும்பாலும் 54 முதல் 62 வரை இருக்கும். எண் கூடினால் கூர் நீண்டு நிற்கும், ஆனால் நெம்பினால் முனை ஒடியும் வாய்ப்பும் கூடும். எல்லாப் பாகமும் கடினமாக இருப்பது நல்லது என்றும் இல்லை. சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் நிறுவனம் தன் கத்திகளில் அலகை 56 ராக்வெல்லுக்கும், முதுகுவில்லை 49 ராக்வெல்லுக்கும் பதப்படுத்துகிறது. ஏனெனில் வில்லின் வேலை வளைந்து மீள்வது.

குரோமிய விழுக்காடு கூடினால் துரு குறையும் என்று கணிக்கும் பழக்கமும் சில சமயம் ஏமாற்றும். டி2 எஃகில் ஏறத்தாழ 12 விழுக்காடு குரோமியம் இருந்தும் அது ஈரத்தில் புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும், காரணம் அதிலுள்ள 1.5 விழுக்காடு கார்பன் குரோமியத்தின் பெரும்பகுதியைக் கார்பைடுகள் என்னும் கடினத் துகள்களாகக் கட்டிப்போட்டுவிடுகிறது. 2021இல் வெளிவந்த மேக்னாகட் எஃகில் குரோமியம் 10.7 விழுக்காடுதான், ஆனால் அது கார்பைடுகளில் சிக்காமல் எஃகிலேயே கரைந்திருப்பதால் துருவை டி2வைவிடப் பன்மடங்கு நன்றாகத் தாங்குகிறது. எண்ணை மட்டும் பார்த்து வாங்கியவர் இங்கே தவறான கத்தியோடு வீடு திரும்பியிருப்பார்.

இன்னொரு சிறு செய்தி: ஆலையில் இயந்திரச் சாணையில் தீட்டும்போது கூர்விளிம்பின் நுனி சூடேறிப் பதம் இழந்துவிடுவதுண்டு. புதுக்கத்தி விரைவில் மழுங்குகிறது என்று உடனே முடிவு கட்டாமல், கையால் இரண்டு மூன்று முறை தீட்டிப் பார்த்த பிறகே எஃகைக் குறை சொல்ல வேண்டும்.

அலகின் வடிவம். கூர்விளிம்புக்குச் சற்று மேலே அலகு எவ்வளவு தடிமனாக இருக்கிறது என்பதே வெட்டும் சுகத்தைத் தீர்மானிக்கிறது. அந்த இடத்தில் 0.4 மி.மீ. உள்ள சாதாரண எஃகு, 0.8 மி.மீ. உள்ள உயர்ந்த எஃகைவிட அட்டையையும் கயிற்றையும் எளிதாக வெட்டும். மெல்லிய அலகு நெம்புவதற்கு ஆகாது என்பதே அதற்கு நாம் கொடுக்கும் விலை.

பழுதுபார்க்கும் வசதியும் மறைசெலவும். கழற்ற முடிகிறதா, உதிரி கிடைக்கிறதா, தீட்ட என்ன கல் வேண்டும், உத்தரவாதம் எதை விலக்குகிறது என்பவை இதில் அடங்கும். “வாழ்நாள் உத்தரவாதம்” என்பது பொதுவாகச் செய்குறைகளுக்கு மட்டுமே. இயல்பான தேய்மானம் அதில் சேராது. கத்தியைக் கழற்றினாலே உத்தரவாதம் செல்லாது என்று எழுதியிருக்கும் நிறுவனங்களும் உண்டு. வனேடியம் மிகுந்த எஃகு வாங்குபவர் கவனிக்க வேண்டிய ஒன்று: எஸ்30வி, எம்390 போன்றவற்றில் ஏறத்தாழ 4 விழுக்காடு வனேடியம் இருக்கிறது, அந்த வனேடியம் கார்பைடுகள் சாதாரணச் சாணைக்கல்லில் உள்ள அலுமினியம் ஆக்ஸைடைவிடக் கடினமானவை. வைரத்தூள் பூசிய தகடு வாங்காவிட்டால் தீட்டுவது பெரும்பாடாகிவிடும். கத்தியின் விலையோடு அந்தத் தகட்டின் விலையையும் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும்.

## முதுகுவில் கத்தி

பேனாக்கத்தி என்று நம்மில் பலர் அறிந்தது இதைத்தான். கைப்பிடியின் முதுகுப் பக்கம் ஓடும் எஃகு வில், அலகின் அடியை அழுத்தி, திறந்த நிலையிலும் மடித்த நிலையிலும் நிறுத்தி வைக்கிறது. பூட்டு என்று எதுவும் இல்லை. 1897இல் விக்டோரினாக்ஸின் நிறுவனர் கார்ல் எல்செனர் பதிவுசெய்த, சுவிஸ் ராணுவக் கத்தி என்று பெயர்பெற்ற அதிகாரிகள் கத்தியின் சிறப்பே, அதே வில்லைக் கொண்டு கைப்பிடியின் இருபுறமும் கருவிகளைப் பொருத்தியதுதான். பல கருவிகள் கொண்ட கத்திகளில் அந்த வழி இன்றும் தொடர்கிறது.

தரத்தை அறிய, மடித்த நிலை, பாதி திறந்த நிலை, முழுதும் திறந்த நிலை ஆகிய மூன்றிலும் வில்லின் மேற்பரப்பில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். வில் கைப்பிடியின் உட்தகடுகளோடு மட்டமாக இருக்க வேண்டும். மேடோ பள்ளமோ நகத்தில் தட்டுப்பட்டால், அடியும் வில்லும் பொருந்தச் செதுக்கப்படவில்லை என்று பொருள். பாதி திறந்த நிலையில் மட்டும் சிறிது வேறுபாடு இருப்பதை நான் பொறுத்துக்கொள்வேன். பிறகு கத்தியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, வில்லுக்கும் தகட்டுக்கும் இடையே ஒளிக்கீற்று தெரிகிறதா என்று பாருங்கள். நல்ல கத்தி “டக்” என்று உறுதியாகத் திறக்கும், உறுதியாக மடங்கும். நகம் பிய்ந்துபோகும் அளவுக்கு வில் விறைத்திருப்பதும் குறைதான். அதைத் தரத்தின் அடையாளம் என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை.

நீடித்து உழைப்பதில் இதற்கு ஒரு பெரிய அனுகூலம் உண்டு. அலகின் அடியும் வில்லும் நெடுக உராய்ந்து மெருகேறுகின்றனவே தவிர, ஒரு சிறிய பற்குழியில் பளு முழுவதும் விழுவதில்லை. ஆண்டுக்குச் சில முறை மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் தலைமுறை தாண்டும். தேய்மானம் காட்டும் இடம் வேறு: கூர்விளிம்புக்கும் அச்சுக்கும் இடையே, தீட்டப்படாத சிறிய மேடு ஒன்று இருக்கும், மடிக்கும்போது அதுதான் வில்லில் போய் முட்டி அலகை நிறுத்துகிறது. அலகை ஒவ்வொரு முறையும் விரல் விட்டுச் சொடுக்கென மடியவிட்டால் அந்த மேடு நசுங்கி, கூர்விளிம்பே வில்லில் இடிக்கத் தொடங்கும். தீட்டிய மறுநாளே ஒரே இடத்தில் மழுங்கல் தெரிந்தால் அங்கேதான் பார்க்க வேண்டும்.

குறை எதுவென்று சொல்லத் தேவையில்லை. தடித்த தோல்வாரில் துளையிடுவதற்காக இத்தகைய கத்தியின் முனையால் அழுத்தித் திருகியபோது, அலகு மடங்கி என் ஆள்காட்டி விரலின் மேல் அமர்ந்த தழும்பு இன்னும் இருக்கிறது. குற்றம் கத்தியினுடையதன்று, முனையால் குத்தும் வேலைக்கு இது உரியதே அல்ல. ரிவெட் அடித்த கத்தி என்பதால் கழற்றவும் இயலாது; அழுக்கு சேர்ந்தால் வெந்நீரில் திறந்து மூடி அலசி, நன்றாக உலர்த்தி எண்ணெய் விடுவதே வழி.

சட்டம் இதற்குச் சாதகமாக நிற்கும் இடங்கள் உண்டு. ஐக்கிய இராச்சியத்தில், 1988ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டப்படி, வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு, அதாவது 7.62 செ.மீ.க்கு, மிகாத பூட்டில்லா மடக்குக்கத்தியைத் தனிக்காரணம் காட்டாமல் பொது இடத்தில் வைத்திருக்கலாம். பூட்டு இருந்தால் அந்த விலக்கு கிடையாது. பயணம் செய்பவர் பூட்டின் வலிமையைவிட இதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

## முதுகுப்பூட்டுக் கத்தி

இதிலும் முதுகில் ஒரு எஃகுத் தண்டு ஓடுகிறது, ஆனால் அது நடுவில் ஒரு ஆணியில் ஏற்றப்பட்ட சீசாப் பலகைபோல ஆடும். அதன் முன்முனையிலுள்ள பல், அலகின் அடியில் வெட்டிய குழிக்குள் விழுந்து பூட்டிக்கொள்கிறது. பின்முனையை அழுத்தினால் பல் எழும்பி அலகு விடுபடுகிறது. இவ்வகையை உலகெங்கும் பழக்கியது பக் நிறுவனத்தின் 110ஆம் எண் கத்தி. 1964இல் விற்பனைக்கு வந்த அது, பித்தளைத் தலைக்கட்டுகளோடு ஏறத்தாழ 200 கிராம் எடை கொண்டது. சட்டைப்பையில் போட்டால் சட்டையே ஒருபக்கம் இழுபடும்.

வலக்கை, இடக்கை வேறுபாடின்றிப் பயன்படுவதும், கை அழுத்தினால் பூட்டு தானாக விலகும் அபாயம் குறைவாக இருப்பதும் இதன் பலங்கள். மடிக்கும்போது விரல்கள் அலகின் பாதையில் வருவதும் குறைவு. பலவீனம் அந்தச் சிறிய பற்குழிதான். பல்லும் குழியும் துல்லியமாகப் பொருந்தாவிட்டால் மேல்கீழ் ஆட்டம் தோன்றும், இந்த வகையில் புதுக்கத்தியிலேகூடக் கடுகளவு ஆட்டம் தட்டுப்படுவது அரிதன்று. மேலே நான் சொன்ன கண்டிப்பை இங்கே மட்டும் சற்றுத் தளர்த்துவேன்: வலுவாக அழுத்தினால்தான் உணரக்கூடிய ஆட்டம் என்றால் ஏற்கலாம், லேசாக அசைத்தாலே “லொட லொட” என்றால் வேண்டாம். பூட்டிய நிலையில் தண்டின் முன்முனை அலகின் முதுகோடு மட்டமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். மேடாகத் துருத்திக்கொண்டிருந்தால் பல் முழுதாக இறங்கவில்லை.

ஒருநாள் என் கத்தி திறந்தும் பூட்டாமல் தொளதொளவென்று மடங்கியது. வில் உடைந்துவிட்டது என்றே நினைத்தேன். பல்குத்தும் குச்சியால் பற்குழியைத் துழாவியபோது, சட்டைப்பையின் பஞ்சு நூல்கள் எண்ணெயோடு சேர்ந்து அழுந்தி, மிளகளவு கெட்டிக் கட்டியாக உறைந்து வெளிவந்தது. அதை எடுத்தபின் கத்தி பழையபடி பூட்டியது. இந்த வகைக்கு எண்ணெயை அளவுக்கு மீறி விடுவதே பகை.

## பக்கத்தகட்டுப் பூட்டுக் கத்தி

இன்று சந்தையில் மிகுதியாகக் காணப்படுவதும், தரத்தில் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு கொண்டதும் இதுதான் என்பதால், இங்கே சற்று அதிகமாக நின்று பேச வேண்டியிருக்கிறது. கைப்பிடியின் உட்புறத் தகட்டில் ஒரு நாக்கை வெட்டி, அதை உள்நோக்கி வளைத்துவிடுவார்கள். அலகு முழுதாகத் திறந்ததும் அந்த நாக்கு பக்கவாட்டில் நகர்ந்து அலகின் அடிக்குப் பின்னால் முட்டுக்கொடுத்து நிற்கும். இதன் இன்றைய வடிவத்தை 1980களில் உருவாக்கியவர் மைக்கேல் வாக்கர். உட்தகட்டுக்குப் பதிலாகக் கைப்பிடியின் ஒரு பக்கத்தையே தடித்த நாக்காக வெட்டும் பிரேம் லாக், கிறிஸ் ரீவ் வடிவமைத்த செபென்சா கத்தியின் வழியே பரவியது.

தரம் முழுவதும் அந்த நாக்கு எங்கே போய் அமர்கிறது என்பதில் இருக்கிறது. புதிய கத்தியைத் திறந்து, நாக்கின் முனை அலகின் அடியில் எத்தனை பங்கு தூரம் வந்து நிற்கிறது என்று மேலிருந்து பாருங்கள். கால் பங்கிலிருந்து அரைப் பங்குக்குள் நின்றால் நல்லது, தேயத் தேய அது உள்ளே நகர இடமிருக்கும். விளிம்பைத் தொட்டும் தொடாமலும் நின்றால் வழுக்கி மடங்கலாம். புதிதாக இருக்கும்போதே முக்கால் பங்கைத் தாண்டிவிட்டால், அந்தக் கத்தி தன் ஆயுளின் பெரும்பகுதியைக் கடையிலேயே செலவழித்துவிட்டது.

இந்தக் கணக்கு தெரியாத காலத்தில் வாங்கிய லைனர் லாக் ஒன்று, நான்கு ஆண்டுகளில் நாக்கு எதிர்ப்புறத் தகட்டைத் தொடும்வரை நகர்ந்து, அதற்கு மேல் போக வழியில்லாமல் மேல்கீழாக ஆடத் தொடங்கியது. எஃகு நன்றாகத்தான் இருந்தது, அலகு பாதிகூடத் தேயவில்லை. நிறுவனத்துக்கு அனுப்பினேன், இயல்பான தேய்மானம் உத்தரவாதத்தில் சேராது என்ற பதிலோடு, போகவர அஞ்சல் செலவும் என் தலையில் விழுந்து, கத்தி போனபடியே திரும்பி வந்தது.

டைட்டானியத்தால் ஆன பிரேம் லாக்குகளில் தேய்மானத்துக்குத் தனிக் காரணம் உண்டு. கைப்பிடிகளில் பயன்படும் டைட்டானியக் கலவையின் கடினம் ராக்வெல் சி அளவில் 36 அளவே. அது முட்டுக்கொடுப்பது 60ஐ ஒட்டிய கடினமுள்ள எஃகுக்கு. மென்மையானது தேயும். அதோடு டைட்டானியம் எஃகில் ஒட்டிப் பற்றும் குணம் உடையதாகையால், பூட்டை விடுவிக்கும்போது நாக்கு சிக்கிக்கொள்வதும் உண்டு. இதற்காகவே கவனமுள்ள செய்வோர் நாக்கின் நுனியில் திருகிப் பொருத்திய எஃகுத் துண்டு ஒன்றை வைக்கிறார்கள். தேய்ந்தால் அதை மட்டும் மாற்றலாம். டைட்டானியக் கத்திக்குக் கூடுதல் விலை கேட்டால், அந்தத் துண்டு இருக்கிறதா என்று நான் முதலில் பார்ப்பேன்.

வேறு சில மறைசெலவுகளும் உள்ளன. கழற்றச் சிறிய நட்சத்திரத் தலைத் திருப்புளிகள் வேண்டும், பெரும்பாலும் டி6, டி8 அளவுகள். தரமற்ற திருப்புளியால் முறுக்கினால் திருகின் தலை மழுங்கி, ஐந்து நிமிட வேலை அரைநாள் வேலையாகும். மரைகளில் பசை போடாமல் இறுக்கினால் அச்சு தானாகத் தளரும். மெல்லிய நாக்குள்ள மலிவுக் கத்திகளில், கைப்பிடியை முறுக்கிப் பிடித்தாலே நாக்கு விலகிவிடும். மடிக்கும்போது கட்டைவிரல் அலகின் பாதையிலேயே இருப்பது இந்த வகையின் மாறாத குறை.

அப்படியானால் ஏன் வாங்க வேண்டும்? ஒரு கையால் திறந்து ஒரு கையால் மடிக்க முடிவதாலும், திருகுகளைக் கழற்றி முழுதும் சுத்தம் செய்ய முடிவதாலும்தான். ஏணியில் ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் கேபிள் கட்டை அறுப்பவருக்கு நகக்குழியில் நகம் விட்டுத் திறக்கும் கத்தி உதவாது.

இதே வசதியை விரல் ஆபத்தின்றித் தருவது குறுக்குத்தண்டுப் பூட்டு. மெக்ஹென்றி, வில்லியம்ஸ் என்ற இருவர் வடிவமைத்து, 1998இல் பெஞ்ச்மேட் நிறுவனம் வெளியிட்ட இதில், கைப்பிடிக்குக் குறுக்கே ஓடும் ஒரு தண்டை இரண்டு மெல்லிய கம்பிவில்கள் முன்தள்ளிப் பிடிக்கின்றன. தண்டு தேய்ந்தாலும் தானே முன்னகர்ந்து இறுக்கத்தைக் காப்பது இதன் அழகு. உடைவது அந்தக் கம்பிவில். ஒன்று உடைந்தாலும் மற்றது தற்காலிகமாகத் தாங்கும். உதிரி வில் கிடைக்குமா என்பதை வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

## வளையப் பூட்டுக் கத்தி

மரக் கைப்பிடி, ஒரு அலகு, ஒரு அச்சு, கழுத்தில் பிளவுள்ள ஓர் எஃகு வளையம், இவ்வளவுதான். பிரான்சின் சவுவா பகுதியில் 1890இல் ஜோசப் ஒப்பினெல் உருவாக்கிய எளிய கத்தி, 1955இல் இந்தச் சுழலும் வளையத்தைப் பெற்றது. அலகைத் திறந்து வளையத்தைத் திருப்பினால் அலகு மடங்கும் வழி அடைபடும். 2000இலிருந்து மடித்த நிலையிலும் பூட்டும்படி வளையம் மாற்றப்பட்டது.

இதன் அலகு மெல்லியது, எனவே விலையில் பன்மடங்கு மேலான கத்திகளைவிடச் சுகமாக வெட்டுகிறது. வளையம் தேய்ந்தால் இடுக்கியால் சற்று நெருக்கிவிடலாம். அச்சு ரிவெட் என்றாலும், அதன் இறுக்கம் கெடுவதைவிட மரம் ஊதுவதும் சுருங்குவதுமே அன்றாடத் தொல்லை. மழைக்காலத்தில் மரம் ஈரம் குடித்து அலகைக் கவ்விக்கொள்ளும். நகம் உடையும் அளவுக்கு இழுத்தாலும் வராது. வளையத்தைத் திறந்துவிட்டு, அலகு கைப்பிடிக்குள் நுழையும் பள்ளம் மேலே இருக்க, கைப்பிடியின் வால்முனையை மேசையில் ஓரிரு முறை தட்டினால் முனை வெளியே எட்டிப் பார்க்கும். வாங்கியவுடன் மூட்டுப் பகுதி மரத்தில் ஆளி எண்ணெய் ஊற விடுவது இந்தத் தொல்லையைக் குறைக்கும். கார்பன் எஃகு அலகை எடுத்தால், நனைந்தவுடன் துடைக்கும் பழக்கம் இல்லாதவர் ஓரிரவிலேயே செம்புள்ளிகளைக் காண்பார். துருப்பிடிக்காத அலகும் இதே கைப்பிடியில் கிடைக்கிறது.

வளையத்தைத் திருப்ப மறந்தால் இது பூட்டில்லாத கத்திதான், முதுகுவில்லின் அழுத்தம்கூட இதில் கிடையாது.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | முதுகுவில் | முதுகுப்பூட்டு | பக்கத்தகட்டுப் பூட்டு | வளையப் பூட்டு |
|---|---|---|---|---|
| முதலில் தேய்வது | அலகை நிறுத்தும் மேடு | பல்லும் குழியும் | நாக்கின் முனை | மரக் கழுத்து, வளையம் |
| முனையால் குத்தும் வேலை | ஆகாது | ஏற்றது | நன்கு அமைந்தால் ஏற்றது | வளையம் திருப்பினால் ஏற்றது |
| ஒரு கையால் இயக்கம் | இல்லை | பெரும்பாலும் இல்லை | உண்டு | இல்லை |
| கழற்றிச் சுத்தம் செய்தல் | பெரும்பாலும் இயலாது | பெரும்பாலும் இயலாது | எளிது | இயலாது, ஆனால் தேவை குறைவு |
| ஈரமும் புழுதியும் | தாங்கும் | குழி அடையும் | பேரிங் இருந்தால் சிரமம் | மரம் ஊதும் |
| மறைசெலவு | ஏறக்குறைய இல்லை | எடை | திருப்புளி, பசை, உதிரி, அஞ்சல் | எண்ணெயும் பராமரிப்பும் |
| மலிவில் வாங்கினால் | சுமாராக உழைக்கும் | ஆட்டம் இருக்கும் | ஆபத்து | நன்றாகவே உழைக்கும் |

அட்டவணையின் கடைசி வரிக்குத்தான் நான் அதிக எடை தருவேன். கையில் பணம் குறைவாக இருந்தால் வளையப் பூட்டையோ முதுகுவில்லையோ தேர்ந்தெடுங்கள். துல்லியமான செதுக்கலை அவ்வளவாக நம்பியிராத அமைப்புகள் என்பதால் அவற்றில் மலிவும் தரமும் சேர்ந்தே கிடைக்கும். பக்கத்தகட்டுப் பூட்டுக்கு நடுத்தர விலைக்குக் கீழே இறங்காதீர்கள். தோலிலோ மரத்திலோ முனையால் அழுத்தும் வேலை நாள்தோறும் இருக்கிறது, எடை ஒரு பொருட்டில்லை என்பவருக்கு முதுகுப்பூட்டு. பொட்டலம், கடிதம், கயிறு, பென்சில் என்ற அளவில் முடிந்துவிடுகிறவருக்கு முதுகுவில்லுக்கு மேல் எதுவும் தேவையில்லை என்பது என் எண்ணம். பலர் வேண்டாத பூட்டுக்குப் பணம் கொடுத்துவிட்டு, அந்தப் பூட்டையே பழுதுபார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

## கையில் எடுத்துச் சோதிக்கும்போது

மடித்த கத்தியை மேலிருந்து பார்த்தால் அலகு இரு தகடுகளுக்கும் நடுவே நிற்க வேண்டும். ஒரு பக்கத்தை உரசிக்கொண்டிருந்தால் அச்சு கோணலாகவோ அலகு வளைந்தோ இருக்கலாம். அலகைத் திறந்து, இருபுறமும் சரிவு தொடங்கும் கோடுகள் ஒரே இடத்தில் ஆரம்பிக்கின்றனவா என்று பாருங்கள். ஒருபுறம் முன்னும் மறுபுறம் பின்னும் இருந்தால் சாணை பிடித்த கை அவசரப்பட்டிருக்கிறது. கூர்விளிம்பை விளக்குக்கு நேராகப் பிடித்தால், உண்மையாகக் கூரான இடம் ஒளியைத் திருப்பாது, வெள்ளிக்கோடாக மின்னும் இடம் மழுங்கிய இடம்.

பூட்டைச் சோதிக்க, அலகின் முதுகை மேசை விளிம்பில் ஓங்கி அடித்துக் காட்டும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. அந்த அடி பூட்டின் முகங்களைச் சிதைப்பதோடு, பூட்டு தோற்றால் விரலையும் எடுத்துவிடும். விரல்களை அலகின் பாதையிலிருந்து முழுதும் விலக்கி, கைப்பிடியைப் பக்கங்களில் மட்டும் பிடித்து, முதுகை ஒரு மரக்கட்டையின் மேல் படிப்படியாக அழுத்திப் பார்த்தாலே போதும்.

பழைய கத்தியானால் இன்னும் இரண்டு சோதனைகள். அதே வகைப் புதுக்கத்தியின் அலகோடு ஒப்பிட்டு அகலம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பாருங்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாணையில் போயிருந்தால், விளிம்பு தடித்த பகுதிக்கு ஏறிவிட்டிருக்கும், இனி எவ்வளவு தீட்டினாலும் பழைய வெட்டு வராது. கைப்பிடி வண்ணமயமான பழைய செல்லுலாய்டாக இருந்தால் முகர்ந்து பாருங்கள். செல்லுலாய்டு சிதையத் தொடங்கியபின் வெளிவிடும் ஆவி அந்த அலகைத் துருவேற்றுவதோடு, ஒரே பெட்டியில் கிடக்கும் மற்ற கத்திகளையும் துருவேற்றிவிடும். செல்லுலாய்டுக்கு இயல்பான கற்பூர வாசனையையும் தாண்டிப் புளித்த நெடி அடித்து, அலகில் கைப்பிடியை ஒட்டிய பகுதி மட்டும் காரணமின்றிக் கறுத்திருந்தால், அந்தக் கத்தியை மற்றவற்றோடு சேர்த்து வைக்காதீர்கள்.